பிள்ளைகளுக்குப் பள்ளிச் சாமான் வாங்கும்போது: நஞ்சில்லாததையும் மண்ணைக் கெடுக்காததையும் பார்த்து எடுக்க, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் நோட்டுக் கடை நடத்துகிறேன். மே கடைசியில் தொடங்கி ஜூன் பாதி வரை கடை வாசலில் நிற்க இடம் இருக்காது. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், புதுவயல் என்று சுற்றுவட்டாரத்திலிருந்தெல்லாம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். அந்த நெரிசலிலும் யாராவது ஒரு அம்மாவோ அப்பத்தாவோ ஒரு பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, "இது புள்ளைக்கு ஒண்ணும் செய்யாதுல்ல?" என்று கேட்பார்கள். கல்லாவில் நின்றுகொண்டு இரண்டு வார்த்தைக்கு மேல் பதில் சொல்ல முடிவதில்லை. கேட்டவர்கள் அரைகுறை மனதோடு போவதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருக்கும். அதனால்தான் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை, கேட்டவர்கள் சொன்ன மாதிரியே எழுதி, பதிலையும் நிதானமாக எழுதியிருக்கிறேன்.

"அக்கா, அட்டையில 'நான்-டாக்ஸிக்'னு போட்டிருக்கே, அதை நம்பி வாங்கலாமா?"

அந்த வார்த்தையை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம். அதற்குப் பக்கத்தில் எந்தத் தரத்தின்படி சோதித்தார்கள் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஐரோப்பியத் தரமான 'இ.என். 71', அமெரிக்கத் தரமான 'ஏ.எஸ்.டி.எம். டி-4236', நம் நாட்டின் 'ஐ.எஸ். 9873' ஆகியவை கண்ணில் பட்டால் கொஞ்சம் தெம்பாக எடுக்கலாம். தயாரித்தவர் பெயர், முகவரி, தயாரித்த மாதம் இவை மூன்றும் இல்லாத டப்பாவை நான் கடைக்குள்ளேயே எடுப்பதில்லை.

பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் விளையாட்டுப் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பென்சில், ரப்பர் போன்ற எழுதுபொருள் எல்லாவற்றுக்கும் அந்தக் கட்டாயம் கிடையாது. அதனால்தான் இந்தப் பக்கம் கவனம் கூடுதலாகத் தேவைப்படுகிறது. முத்திரை இருக்கும் பொருளில் 'சி.எம்./எல்.' என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அந்த எண்ணைப் போட்டால் உண்மையா போலியா என்று தெரிந்துவிடும்.

"பென்சில்ல ஈயம் இருக்காமே? எம் மகன் எந்நேரமும் கடிச்சுக்கிட்டே இருக்கான்."

பென்சிலுக்குள் ஈயம் இல்லை. கிராஃபைட் என்ற கரியையும் களிமண்ணையும் குழைத்துச் சுட்ட குச்சிதான் உள்ளே இருப்பது. 'லெட்' என்ற இங்கிலீஷ் பெயர் பழைய காலத்துத் தவறான புரிதலால் ஒட்டிக்கொண்டது. முனை உடைந்து வயிற்றுக்குள் போனாலும் விஷம் இல்லை.

நம் ஊரில் இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம். பயப்பட வேண்டியது காரீயத்துக்கு. இரண்டும் வேறு வேறு உலோகம். இந்தப் பக்கத்தில் இனி 'காரீயம்' என்று நான் சொல்வதெல்லாம் அந்த இரண்டாவதைத்தான். வயிற்றுக்குள் போகும் காரீயத்தைப் பெரியவர்களைவிடச் சின்னப் பிள்ளைகளின் உடம்பு நாலைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சும். இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது.

பிள்ளை கடிப்பது பென்சிலின் உள்குச்சியை இல்லை, மேலே பூசிய சாயத்தை. கவனிக்க வேண்டியதும் அதைத்தான். கடிக்கிற பிள்ளைக்குச் சாயம் பூசாத வெறும் மரப் பென்சில் வாங்கிக் கொடுங்கள். பெயர் தெரியாத கம்பெனியின் பளபள மஞ்சள், ஆரஞ்சு, மினுமினுப்புப் பென்சில்கள் வேண்டாம். காரீயம் கலந்த நிறமிகள் மஞ்சளிலும் ஆரஞ்சிலும்தான் அதிகம் வரும்.

"பாப்பா சிலேட்டுக் குச்சியைத் திங்கிறா. நான் சின்ன வயசுல திங்காததா?"

நானும் தின்றிருக்கிறேன். ஆனாலும் அதைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். பலப்பம், சாக்பீஸ், சுவர்ச் சுண்ணாம்பு, மண் என்று தேடித் தேடித் தின்னும் பிள்ளைகளில் பலருக்கு இரும்புச்சத்து குறைவாக இருக்கும். அடித்துத் திருத்துவதற்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துச் சொல்வார்கள்.

கல் சிலேட்டு பல வருடம் உழைக்கும், காகிதம் மிச்சம். அந்த வகையில் நல்ல பொருள். அதே நேரத்தில் மத்தியப் பிரதேசத்து மந்த்சோரில் சிலேட்டுக் குச்சி அறுத்த தொழிலாளர்கள் எத்தனையோ பேர் அந்தத் தூசியால் நுரையீரல் கெட்டு இறந்திருக்கிறார்கள். அதனால் குச்சியை வீணாக்காமல், தூசியை வாயால் ஊதாமல், ஈரத்துணியால் துடைக்கப் பழக்குங்கள். வீட்டில் பெரியவர்களின் பழைய சிலேட்டு இருந்தால் புதிது வாங்க வேண்டியதே இல்லை.

"வாசனை ரப்பர்தான் வேணும்னு அழுகுறான். ஒண்ணு வாங்கிக் குடுத்தா என்ன?"

என் கடையில் ஒரு கோடையில் நடந்ததைச் சொல்கிறேன். ஸ்ட்ராபெரி வாசனை ரப்பர்கள் சிலவற்றைப் பிளாஸ்டிக் ஸ்கேல்களோடு ஒரே டப்பாவில் போட்டு மேல்தட்டில் வைத்திருந்தேன். இரண்டு மாதம் கழித்து எடுத்தால் ரப்பரும் ஸ்கேலும் ஒட்டிக் கிடந்தன. பிய்த்துப் பார்த்தேன். ரப்பர் பட்ட இடத்தில் ஸ்கேல் உருகிக் குழியாகியிருந்தது. அதில் இருந்த சென்டிமீட்டர் கோடு ரப்பரில் பதிந்திருந்தது. தீயும் படவில்லை, வெயிலும் நேராகப் படவில்லை.

காரணம் இதுதான். இவ்வகை ரப்பர் பெரும்பாலும் பி.வி.சி. என்ற பிளாஸ்டிக். அது இயல்பில் விறைப்பானது. மெத்தென்று ஆக்க ஒரு எண்ணெய் மாதிரியான ரசாயனம் சேர்ப்பார்கள். தாலேட் என்ற வகை அதில் அதிகம். அது ரப்பருக்குள் கட்டுண்டு நிற்பதில்லை, மெல்ல மெல்ல வெளியே கசியும். ஸ்கேலை உருக்கியது அதுதான். பிள்ளையின் வியர்த்த உள்ளங்கையிலும், கடிக்கும் வாயிலும் அது படுகிறது. சில தாலேட்கள் உடம்பின் ஹார்மோனைக் குழப்பும் என்பதால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பிள்ளைகளின் பொம்மைகளில் அவற்றுக்குக் கட்டுப்பாடு உண்டு. கூடவே, பழம் மாதிரி வாசனையும் மிட்டாய் மாதிரி உருவமும் இருந்தால் சின்னப் பிள்ளை அதை விழுங்கப் பார்க்கும், தொண்டையில் அடைக்கும்.

அந்த டப்பாவோடு வாசனை ரப்பர் விற்பதை நிறுத்திவிட்டேன். இயற்கை ரப்பரில் செய்தது, அல்லது 'பி.வி.சி. இல்லை' என்று எழுதியது கேளுங்கள். அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்த ஸ்டிக்கர் ஒன்று போதும்.

"கிரேயான், ஸ்கெட்ச் பேனா இதுல எது நல்லது?"

மூன்று நான்கு வயதுக்குக் கட்டையான கிரேயான்தான் என் தேர்வு. தேன்மெழுகு அல்லது தாவர மெழுகில் செய்தது கிடைத்தால் இன்னும் நல்லது. சாதாரண கிரேயான் பெட்ரோலியத்திலிருந்து வரும் பாரஃபின் மெழுகு. ஒரு துணுக்கு வாயில் போனால் ஆபத்தில்லை என்றாலும் மண்ணில் சீக்கிரம் மக்காது. 2000-இல் அமெரிக்காவில் சில கிரேயான்களில் சேர்த்த டால்க் தூளில் ஆஸ்பெஸ்டாஸ் எனப்படும் கல்நார் இழை துளியளவு இருப்பது தெரியவந்து, கம்பெனிகள் தயாரிப்பை மாற்றிக்கொண்டன. தயாரித்தவர் பெயர், எழுதப்பட்ட தரம் என்று முதல் பதிலில் நான் அழுத்திச் சொன்னது இதற்காகவும்தான்.

ஸ்கெட்ச் பேனாவில் 'தண்ணீரில் கரையும்' என்று இருப்பதை மட்டும் வாங்குங்கள். பேனாவைத் திறந்ததும் தலை சுற்றுகிற நெடி வந்தால் அது பிள்ளைக்கானது இல்லை.

"வாட்டர் பாட்டில் எதுல வாங்க? எவர்சில்வரா, செம்பா, பிளாஸ்டிக்கா?"

எவர்சில்வர். அடிப்பாகத்தில் '304' அல்லது '18/8' என்று பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்று சிலர் சோதித்துக் காட்டுவார்கள். மட்டமான 202 ரகத்திலும் காந்தம் அநேகமாக ஒட்டாது. அதனால் அந்தச் சோதனையை நம்ப வேண்டாம். பாட்டில் எஃகாக இருந்தாலும் மூடியும் உறிஞ்சுகுழலும் பிளாஸ்டிக்காக இருக்கும். உறிஞ்சுகுழல் இல்லாத, வாய் அகலமான பாட்டிலாக எடுத்தால் உள்ளே கைவிட்டுத் தேய்க்கலாம். நம் ஊர் வெயிலில் இரண்டு நாள் கழுவாத குழலுக்குள் கறுப்புப் பாசி படிவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

செம்பில் வெறும் தண்ணீர் மட்டும் கொடுக்கலாம். மோர், எலுமிச்சைச் சாறு ஊற்றினால் செம்பு கரைந்து குமட்டலும் வாந்தியும் வரலாம். பிள்ளை பள்ளியில் எதை நிரப்பும் என்று நம்மால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் செம்பைப் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

பிளாஸ்டிக்தான் முடியும் என்றால் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண் இருப்பதை எடுங்கள். 3 பி.வி.சி., வேண்டாம். கண்ணாடி மாதிரி விறைப்பான 7-இல் பி.பி.ஏ. என்ற, ஹார்மோனைக் குழப்பும் ரசாயனம் வரலாம். கடையில் வாங்கிய மெல்லிய தண்ணீர் பாட்டிலை மாதக்கணக்கில் நிரப்பி அனுப்பாதீர்கள். எந்தப் பிளாஸ்டிக்கிலும் ஆவி பறக்கும் சோற்றை அடைக்க வேண்டாம்.

"ஆயா வீட்டு எனாமல் கேரியர் பெட்டகத்துல சும்மா கிடக்கு. அதுல சாப்பாடு கட்டிக் குடுக்கலாமா? பழசுதானே நல்லது?"

இந்தக் கேள்வி வேறு ஊர்க் கடைகளில் வருமோ என்னவோ, எனக்கு வருடத்துக்கு நாலைந்து முறை வரும். பழசை எடுத்துப் புழங்க வேண்டும் என்ற மனசு எனக்குப் பிடிக்கும். ஆனாலும் எனாமலுக்கு மட்டும் வேண்டாம் என்பேன். அந்தக் காலத்து எனாமல் பூச்சில், அதிலும் சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு நிறங்களில், காட்மியம் என்ற நச்சு உலோகமும் காரீயமும் சேர்ந்திருக்க வாய்ப்பு உண்டு. விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தாலே உள்ளே வைக்கும் புளிச்சோறும் தக்காளிச் சோறும் அதைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கும். முனீஸ்வரன் கோவில் தெருப் பழஞ்சாமான் கடைகளில் வாங்கியதற்கும் இதே பதில்தான். முகப்பில் அழகுக்கு வையுங்கள்.

பித்தளைத் தூக்கு என்றால் உள்ளே ஈயம் பூசியிருக்க வேண்டும், அதுவும் சுத்தமான வெள்ளீயமாக. விலைக்காகக் காரீயம் கலந்து பூசுகிறவர்களும் உண்டு. தெரிந்த கை பூசியதாக இல்லாவிட்டால் தவிர்த்துவிடுங்கள். பெட்டகத்தில் பழைய எவர்சில்வர் அடுக்கு இருந்தால் தாராளமாக எடுத்துக் கொடுங்கள். அதைவிட நல்ல டிபன் பாக்ஸை நான் விற்கவில்லை.

"நோட்டு வெள்ளை வெளேர்னு இருக்கணுமா, பழுப்பா இருக்கணுமா?"

கொஞ்சம் மங்கலான வெள்ளைதான் நல்லது. கண் கூசும் வெண்மைக்காகக் காகிதத்தில் ஒளிரும் ரசாயனம் சேர்ப்பார்கள். எழுத்துக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை.

கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் இருக்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையைக் கூழாக்கிக் காகிதம் செய்கிறது. சர்க்கரை ஆலையில் சாறு பிழிந்தபின் மிஞ்சும் சக்கைதான் அது. நோட்டின் பின்னட்டையில் 'டி.என்.பி.எல்.' என்று இருந்தால் அந்தக் காகிதம். போன வருட நோட்டில் எழுதாத பக்கங்களைக் கிழித்து, ஊசி நூலால் தைத்தால் கணக்குப் போட்டுப் பார்க்க இரண்டு ரஃப் நோட்டு தேறும்.

"ஸ்கூல்ல பிளாஸ்டிக் அட்டைதான் போடணும்ங்கிறாங்க. என்ன செய்ய?"

வகுப்பாசிரியரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் 'நனையக் கூடாது, ஒரே மாதிரி இருக்கணும்' என்பதுதான் அவர்கள் கவலை. காக்கித் தாளிலேயே இரண்டு வகை உண்டு. உள்பக்கம் வழவழவென்று பிளாஸ்டிக் ஒட்டியது மக்காது. இரண்டு பக்கமும் சொரசொரப்பானது மக்கும். ஓரத்தைக் கொஞ்சம் கிழித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கிழியாமல் ஜவ்வு மாதிரி இழுத்தால் பிளாஸ்டிக். பழைய மாதக் காலண்டர்த் தாள் கெட்டியாக இருக்கும், வருடம் முழுக்கத் தாங்கும்.

"பை எப்படிப் பார்த்து வாங்குறது? வருசா வருசம் கிழியுது."

முதலில் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். புது ரெக்சின் நெடி குப்பென்று அடித்தால் அது பி.வி.சி., ரப்பருக்குச் சொன்ன கதைதான். கெட்டிக் கேன்வாஸ் எடுங்கள். தோள்பட்டை இணையும் இடத்தில் இரட்டைத் தையல் இருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். கிழிவது எப்போதும் அங்கேதான். பத்துத் தையல் போட்டுக் கொடுக்கத் தையல்காரர் இருக்கும் ஊரில் பையைத் தூக்கிப்போட அவசியம் இல்லை.

பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்று 2020-இல் வந்த மத்திய அரசின் பள்ளிப்பைக் கொள்கை சொல்கிறது. இருபது கிலோ பிள்ளைக்கு இரண்டு கிலோ. காலிப் பையே ஒரு கிலோ இருந்தால் புத்தகத்துக்கு எங்கே இடம்? சாப்பாட்டுக்கும் விளையாட்டுத் துணிக்கும் மஞ்சப்பை போதும். பழைய கண்டாங்கிச் சேலையில் தைத்த பை ஒன்றை எங்கள் தெருப் பிள்ளை நாலு வருடமாகக் கொண்டுபோகிறாள், சாயம்தான் வெளுத்திருக்கிறது.

"விதைப் பென்சில்னு விக்கிறாங்களே, நெசமாவே முளைக்குமா?"

முளைக்கும், விதை புதிதாக இருந்தால். பென்சில் அடிமுனையில் ஒரு குப்பிக்குள் துளசி, தக்காளி விதை வைத்திருப்பார்கள். கடைத் தட்டில் ரொம்ப நாள் கிடந்தால் விதை கெட்டுப்போகலாம். பிள்ளைக்கு ஆசையாக ஒன்று வாங்கிக் கொடுங்கள். பெட்டி பெட்டியாக வாங்கினால் சுற்றுச்சூழலைக் காப்பாற்றியதாக ஆகாது. சாதாரணப் பென்சிலை, கையில் பிடிக்க முடியாத அளவு சின்னதாகும் வரை எழுதுவது அதைவிட நல்லது.

"ஒட்டுறதுக்கு எந்தப் பசை? ஒயிட்னர் வாங்கித் தரலாமா?"

வெள்ளைப் பசையும் குச்சிப் பசையும் தண்ணீரில் கரைவதாக இருந்தால் சரி. வீட்டில் மைதாப் பசை காய்ச்சினால் அதைவிடச் சிறப்பு. பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போடும் பழைய வழக்கத்தை மட்டும் பிள்ளைகள் பசையில் செய்யாதீர்கள், அது நஞ்சு. அன்றைக்குக் காய்ச்சி அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். செருப்பு ஒட்டும் மஞ்சள் பசையும், நிரந்தர மார்க்கரும், ஒயிட்னரும் ஆவியாகும் கரைப்பான் கலந்தவை. மூடிய அறையில் மூச்சில் ஏறும். அதை மோந்து பழகி அடிமையான பிள்ளைகளும் உண்டு. என் கடையில் பிள்ளைகள் தனியாக வந்து ஒயிட்னர் கேட்டால் நான் கொடுப்பதில்லை. தப்பாக எழுதினால் ஒரு கோடு போட்டு அடிக்கட்டும்.

"ப்ராஜெக்டுக்குச் செட்டிநாட்டு வீடு செய்யணுமாம். தெர்மகோல் இல்லாம எப்படி?"

தெர்மகோல் இல்லாமல்தான் நன்றாக வரும். சூடான கத்தியால் தெர்மகோலை அறுக்கும்போது வரும் புகை பிள்ளைக்குக் கெடுதல். உதிரும் குருணை வாய்க்காலுக்கும் கண்மாய்க்கும் போய்ச் சேரும், மக்கவே மக்காது.

செருப்பு வந்த அட்டைப்பெட்டிகள் இரண்டை எடுத்து, முகப்பு, வளவு (முற்றம் உள்ள உள்கட்டு), இரண்டாங்கட்டு என்று வரிசையாக ஒட்டுங்கள். வளவுக்கு நடுவில் வானம் தெரிய ஒரு சதுரம் வெட்டுங்கள். துணிக்கடைக் காகிதக் குழாய்தான் தூண். சாமான் வரும் அட்டைப்பெட்டியின் மேல்தாளைத் தண்ணீர் தொட்டு உரித்தால் உள்ளே நெளிநெளியாக ஒரு தாள் இருக்கும். அதைக் கூரையில் சரிவாக ஒட்டிச் செம்மண்ணைக் கரைத்துப் பூசினால் அசல் ஓடு மாதிரியே இருக்கும். தரைக்குப் பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சதுரமாக வெட்டிப் பதித்தால் ஆத்தங்குடிக் கல். நிஜமாகவே சுண்ணாம்பு பூசுகிறேன் என்று பிள்ளை கேட்டால் விடாதீர்கள், கண்ணில் பட்டால் வெந்துவிடும். மினுமினுப்புத் தூளும் வேண்டாம், அது பொடிப்பொடியான பிளாஸ்டிக். உதிரி மினுமினுப்புத் தூளை 2023 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்துவிட்டது.

"பழைய பர்மாத் தேக்கு மேசையைப் படிக்கப் போட்டிருக்கோம். பெயிண்ட் உரியுது, பரவாயில்லையா?"

பள்ளிச் சாமான் கேள்விகளிலேயே இது ரொம்ப முக்கியமானது, கேட்பவர்கள்தான் குறைவு. வீட்டுப் பெயிண்டில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அதற்கு முந்தைய எனாமல் பெயிண்டில் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம். உரியும் செதில் தூளாகி நோட்டில் படிந்து, கையில் ஒட்டி, அதே கையால் பிள்ளை முறுக்கு தின்னும். பென்சில் சாயத்துக்குப் பயப்படும் நாம் இதற்கு இன்னும் அதிகம் பயப்பட வேண்டும்.

உப்புத்தாள் போட்டு உலரத் தேய்க்காதீர்கள், தூசி வீடெல்லாம் பரவும். பிள்ளைகள் இல்லாத நாளில், வெளியில் வைத்து, ஈரப்படுத்தித் தேய்க்கத் தெரிந்த ஆளிடம் கொடுங்கள். அதுவரை மேசையை ஒதுக்கிவிட்டுத் தரையில் கணக்குப்பிள்ளை மேசை போட்டுப் படிக்கட்டும், அதில் பெயிண்ட் இல்லையென்றால்.

"பிறந்தநாளுக்கு வகுப்புல எல்லாருக்கும் குடுக்க என்ன வாங்க?"

பனையோலைக் கொட்டானில், அதாவது சின்னக் கூடையில், இரண்டு பென்சிலும் ஒரு சின்ன நோட்டும். கொட்டான் முடைவது இந்த மண்ணின் கைவேலை, புவிசார் குறியீடும் பெற்றது. பிள்ளைகள் அதில் பேனா போட்டு வைத்துக்கொள்வார்கள். சாயம் போட்ட ஓலை ஈரம் பட்டால் நிறம் விடும், அதனால் அதில் மிட்டாயைப் பிரித்துப் போடாதீர்கள். பட்டன் பேட்டரி போட்டு மின்னும் பேனாவும், குட்டிக் காந்தம் கழன்று வரும் டப்பாவும் கொடுக்கவே வேண்டாம். பேட்டரி ஒன்றை விழுங்கினாலே தொண்டைக்குழாய் வெந்துபோகும். காந்தம் இரண்டு உள்ளே போனால் குடலைக் கவ்விக் கிழிக்கும். விழுங்கிவிட்டது என்று சந்தேகம் வந்தாலே அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

"இப்படிப் பார்த்துப் பார்த்து வாங்கினா விலை கட்டுப்படியாகுமா?"

இதுவரை படித்ததில் நான் 'வேண்டாம்' என்றவையே அதிகம். வாசனை, மினுமினுப்பு, பளபளப்பு மூன்றையும் விட்டால் மிச்சமாகும் காசில் எவர்சில்வர் பாட்டில் வாங்கிவிடலாம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பையும் நோட்டும் வண்ணப் பென்சிலும் அரசே தருகிறது. அதற்கு மேல் இன்னொரு செட் தேவையில்லை. வாங்க வருவதற்கு முன் வீட்டில் இருப்பதை ஒருமுறை தரையில் பரப்பிப் பாருங்கள். பத்துப் பென்சில் கேட்டு வந்தவர்கள் மூன்றோடு திரும்பியதை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு வியாபாரம் குறைந்தாலும் சொல்வது இதைத்தான்.

"ஏற்கெனவே எல்லாம் வாங்கிட்டேன் அக்கா. இப்பத் தூக்கிப் போட்டுறவா?"

எல்லாவற்றையும் வேண்டாம். வாயில் போகக்கூடியதை மட்டும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். வாசனை ரப்பர், நெடி அடிக்கும் பேனா, சாயம் உரியும் பென்சில், எண் தெரியாத பாட்டில், இவ்வளவுதான். ரெக்சின் பையை வெயில் படாமல் நிழலில் நாலைந்து நாள் காற்றாட விட்டால் நெடி பெருமளவு அடங்கும். அது கிழியும் வரை பயன்படட்டும், அடுத்தது கேன்வாஸ். எதையும் போகிக்குக்கூட எரிக்காதீர்கள். பி.வி.சி. எரிந்தால் வரும் புகை பொருளைவிடப் பொல்லாதது. துப்புரவுப் பணியாளரிடம் மக்காத குப்பையாகத் தனியே கொடுங்கள்.

ஒடிந்த கிரேயான் துண்டுகளை, நல்ல கம்பெனியுடையதாக இருந்தால், சேர்த்து வையுங்கள். தாளை உரித்து, சமையலுக்கு ஆகாத ஒரு பழைய கிண்ணத்தில் போட்டு, கொதிக்கும் தண்ணீரின் மேல் அதை வைத்து உருக்கி, அட்டைச் சுருளில் ஊற்றி ஆறவைத்தால் கட்டையாக ஒரு புதுக் கிரேயான் கிடைக்கும். உருக்குவது பெரியவர்கள் வேலை. எந்த நிறத்தோடு எதைச் சேர்ப்பது என்பதைப் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள்.